மயிலையோடு முடிந்த ரயில்

1997 அக்டோபரிலிருந்து 2004 ஜனவரி வரை சென்னையின் பறக்கும் ரயிலுக்குத் திருமயிலைதான் கடைசி ஸ்டேஷன். அந்த நாட்களில் ரயிலில் ஏறினால் அப்பா நிம்மதியாகத் தூங்குவார்.

கோட்டையில் அவருக்கு வேலை. முப்பது வருடங்களுக்கு மேல் பஸ் கம்பியைப் பிடித்து நின்றபடியே மயிலாப்பூர் வந்து சேர்ந்தவர். பறக்கும் ரயிலில் அப்போதெல்லாம் கூட்டமே இருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் சிந்தாதிரிப்பேட்டை தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடும். ஸ்டேஷனைத் தவறவிடும் பயம் கிடையாது. ரயிலே அதற்குமேல் போகாது. யாராவது தோளைத் தொட்டு, "சார், மயிலாப்பூர் வந்தாச்சு" என்பார்கள்.

1998 ஜூனில் ஓய்வு பெற்றார். தமிழக அரசு ஊழியருக்கு அன்று வயது வரம்பு 58. சீசன் டிக்கெட் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. சாயங்காலமானால் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆறரைக்கு வீடு திரும்புவார். "ஆபீஸ் போறதைத்தான் விட்டார், ஆபீஸ்லேருந்து வர்றதை விடலை" என்பாள் அம்மா. சொல்லும்போது அவள் சிரித்ததில்லை.

சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். வண்டி வந்து நின்றதும் முன்னாலிருந்து மோட்டார்மேன் பையோடு இறங்குவார், பின்னாலிருந்து கார்டு. இருவரும் பிளாட்பாரத்தில் எதிரெதிராக நடந்து இடம் மாற்றிக்கொள்வார்கள். வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை, வாலே தலையாகிவிடும். அப்பா இதை அலுக்காமல் பார்ப்பார். என்ன நினைத்துக்கொண்டு பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும் போலிருக்கிறது. அவர் இல்லை.

ஸ்டேஷனை ஒட்டி ஓடுவது பக்கிங்ஹாம் கால்வாய். ரயில் பாதையைத் தாங்கும் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றியிருக்கின்றன. வடக்கே 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் இந்த 8 கிலோமீட்டர் மட்டும் 1877-78 வரை வெட்டப்படாமலே கிடந்தது. தாது வருடப் பஞ்சத்தில் பசியோடு வந்த ஜனங்களைக் கொண்டு நிவாரண வேலையாக அதை வெட்டினார்கள். அதுவரை வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றையொன்று தொடவில்லை. எல்லை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அந்தந்த வருடத்துக் காசும் கையும் எட்டிய தூரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே பறக்கும் ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரிக்குப் போனது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக அந்த வேலை வருடக்கணக்கில் முடங்கியது.

ஓய்வு வயது 58 என்பதும் அப்படியொரு எல்லைதான். 2020இல் அது 59 ஆனது, 2021இல் 60. அந்த அறிவிப்பு வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி படுத்தபிறகு மனசு சுருக்கென்றது. எனக்கான கடைசி ஸ்டேஷனை யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டுத் தள்ளி வைக்கிறார்கள், நான் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். எங்கே இறங்க வேண்டும் என்று நானாக ஒருநாளும் யோசித்ததில்லை. அடுத்த வருடம் எனக்கும் ஓய்வு.

அப்பாவின் கடைசி ஸ்டேஷனும் அப்படித்தான் தள்ளிப்போனது. 2004 ஜனவரி 26 அன்று ரயில் திருவான்மியூர் வரை நீண்டது. மயிலை நடுவழி ஸ்டேஷனாகிவிட்டது. சில வாரம் கழித்து அப்பா ஏதோ வேலையாகப் பாரிமுனை போனார். திரும்பும்போது வழக்கம்போலத் தூங்கிவிட்டார். கண் விழித்தது திருவான்மியூரில். ஒரு பையன் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறான்.

வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் தாமதம். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கோபத்தோடு வருவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். திரும்பி வரும் வண்டியில் கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாறு தெரிந்ததாம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஆற்றை அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததே இல்லையாம். "தண்ணி அகலமா இருக்கும்மா" என்றார், சின்னப் பையன் மாதிரி.

அதற்குப் பிறகு அவர் பிளாட்பாரத்துப் பெஞ்சுக்குப் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் டிக்கெட் வாங்கி ஏறிவிடுவார். கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் இறங்கி, தெருக்களில் நடந்துவிட்டு வருவார். ரயிலில் மட்டும் தூங்குவதை நிறுத்திவிட்டார். அந்தத் தூக்கத்தைப் பறித்துக்கொண்டதற்காக ரயில்மேல் எனக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. உழைத்து வந்த மனுஷனுக்கு, எழுப்ப ஆள் உண்டு என்ற தைரியத்தில் கண்ணை மூடுவது பெரிய சுகம். அதை ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது மயிலையில் பூமிக்கு அடியிலும் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இறங்கி வேறு வண்டி மாறுபவர்கள் இனி அதிகமாக இருப்பார்கள். உங்கள் எதிர் இருக்கையில் வயதானவர் யாருக்காவது கண் சொக்க ஆரம்பித்தால், "எங்கே இறங்கணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஸ்டேஷன் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்புங்கள்.