சிரித்தாரா? ஆம் / இல்லை

ஓசியில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தால் கையில் காசு. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? 'க்யூ எங்கே நிற்கிறது?' என்றுதானே? நானும் அப்படித்தான் கேட்டேன்.

சொன்னவள் என் அண்ணன் மகள். பி.காம். கடைசி வருஷம். ஒரு சாயங்காலம் போன் செய்தாள்.

"சித்தப்பா, சனிக்கிழமை நைட்டு ஃப்ரீயா? ஒரு ஹோட்டல்ல போய் சாப்பிடணும். ரெண்டு பேரா போகணுமாம். பில்லு காசை அவங்களே குடுத்துடுவாங்க. அதுக்கு மேல எனக்கு எரநூத்தம்பது ரூபா."

"யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

"மிஸ்டரி ஷாப்பிங் சித்தப்பா!"

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போன கதை கேட்டிருப்பீர்கள். அதேதான். ஊருக்கு நாலு கிளை வைத்திருக்கிற ஹோட்டல் முதலாளி எல்லாக் கிளைக்கும் மாறுவேடத்தில் போக முடியாது. அதனால் ஒரு ஏஜென்சியைப் பிடிக்கிறார். ஏஜென்சி நம் வீட்டுப் பெண்ணைப் பிடிக்கிறது. அவள் சாதாரண வாடிக்கையாளர் போலப் போய், சாப்பிட்டு, கவனித்து, வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எழுத வேண்டும். தான் யார் என்பதை மட்டும் காட்டிக்கொள்ளவே கூடாது.

'மிஸ்டரி ஷாப்பிங்' என்ற பெயர் 1940களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. ஆரம்பத்தில், கடை ஊழியர்கள் கல்லாவில் கை வைக்கிறார்களா என்று பார்க்கத்தான் ஆள் அனுப்பினார்கள். பிற்பாடு, அவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்க்கவும் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

போனோம். ஹோட்டல் பெயரைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று அந்தப் பெண் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப் போடாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது.

பில்லுக்கு ஏஜென்சி கொடுக்கும் உச்சவரம்பு 700 ரூபாய். எங்கள் பில் 780. கூடுதல் 80 ரூபாய்க்குக் காரணம் அடியேன் வாங்கிய ஃபிரெஷ் லைம் சோடா. பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 60. ஆக 250-இல் 140 போய், மிச்சம் 110 ரூபாய். இனி நேரம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்ற குறிப்புகளைப் படிக்க அரை மணி. போக வர ஒன்றரை மணி. சாப்பிட ஒரு மணி. ரிப்போர்ட் நிரப்ப ஒரு மணி. மொத்தம் நாலு மணி நேரம். மணிக்கு 27 ரூபாய் 50 காசு. அந்தப் பணமும், நம் கையிலிருந்து போட்ட 700 ரூபாயும் திரும்பி வர 45 நாள் ஆகுமாம்.

"சாப்பாட்டைக் கணக்குல சேர்க்கலையே சித்தப்பா?" என்றாள். நல்ல கேள்வி. ஓசியில் கிடைத்த பொருளின் மதிப்பு அதன் விலை அல்ல. அது ஓசியில் கிடைக்காவிட்டால் நீங்கள் என்ன செலவு செய்திருப்பீர்களோ, அதுதான். மாசம் ஒரு தடவை எப்படியும் வெளியே சாப்பிடுகிற குடும்பம் என்றால் 700 ரூபாய் நிஜமாகவே மிச்சம். 700-ஐயும் 110-ஐயும் கூட்டி நாலால் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய்க்கு மேல் வருகிறது. மோசமில்லை. ஆனால், இந்த வேலை வந்திராவிட்டால் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டிருப்பேன் என்கிறவருக்கு அந்த 700 ரூபாய் வருமானமே இல்லை. அதை வைத்து பஸ் பாஸ் எடுக்க முடியாது. காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது.

ஆக, காசு தேவைப்படாதவருக்கு லாபம், தேவைப்படுகிறவருக்கு நஷ்டம். வினோதமான உத்தியோகம்தான்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. இந்த வேலையின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் எக்கச்சக்கம். 'ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு' என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருவார்கள். முதலில் நூறு, இருநூறு நிஜமாகவே கொடுப்பார்கள். பிறகு 'பெரிய டாஸ்க் வேணும்னா டெபாசிட் கட்டுங்க' என்பார்கள். கட்டினால் போயே போச்சு. ஒழுங்கான ஏஜென்சி வேலை கொடுக்க உங்களிடம் காசு கேட்காது. மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

சரி, சனிக்கிழமை ராத்திரிக்கு வருவோம்.

எங்கள் டேபிளைப் பார்த்துக்கொண்டவன் இருபது வயசுப் பையன். சட்டையில் பெயர் குத்தியிருந்தான். ஒடிசாவோ, அசாமோ. தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது. அவனுக்கு ஆறு டேபிள். நான் எண்ணிப் பார்த்தேன். வந்தான், ஆர்டர் எடுத்தான், சரியாகத் திருப்பிச் சொன்னான். சாப்பாடு சூடாக வந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து டேபிள் குழந்தை சூப் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. தரையெல்லாம் சூப். குழந்தை வீறிட்டது. பையன் ஓடினான். முதலில் குழந்தையின் கையைப் பார்த்தான், சுட்டுவிட்டதா என்று. அப்புறம் அம்மாவுக்கு டிஷ்யூ கொடுத்தான். துடைக்க வேறு ஆள் யாரும் வரவில்லை. அவனே குனிந்து துடைத்தான். அதற்குள் மூன்று டேபிளில் இருந்து 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டார்கள்.

எங்களிடம் பில் கொண்டுவந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். காலைக்குள் அனுப்ப வேண்டும். கேள்விகள் வரிசையாக வந்தன. எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வைத்தார்? கழிவறையில் சோப்பு இருந்ததா? பரிமாறியவர் பெயர் என்ன? அடையாளம் என்ன? அப்புறம் வந்தன இரண்டு கேள்விகள். 'பரிமாறியவர் கண்ணைப் பார்த்துச் சிரித்தாரா? ஆம் / இல்லை.' 'சாப்பிட்டு முடித்ததும் ஸ்வீட், ஐஸ்க்ரீம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாரா? ஆம் / இல்லை.'

அவள் கை நின்றுவிட்டது.

"என்ன சித்தப்பா போடறது? ரெண்டுமே இல்லதான். ஆனா பாவமா இருக்கு. 'ஆம்'னு போட்டுடவா?"

'போட்டுடும்மா, யாருக்குத் தெரியப்போகுது' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு ஏழைப் பையனுக்காக ஒரு சின்னப் பொய். என்ன குடி முழுகிவிடும்?

அதற்குள் அவளே சொன்னாள். "'ஆம்'னு போட்டா, அந்த சூப் கதையை எழுத முடியாதே சித்தப்பா. ஆறு டேபிளுக்கு ஒரே ஆளு நிக்கறது யாருக்கும் தெரியாமயே போயிடும்."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நான் சொல்லவிருந்த பொய் அந்தப் பையனைக் காப்பாற்றியிருக்காது. சனிக்கிழமை ராத்திரி ஆறு டேபிளுக்கு ஒரே ஒரு ஆளைப் போட்டவரைத்தான் காப்பாற்றியிருக்கும். அதே சமயம் வெறும் 'இல்லை'யும் முழு உண்மை கிடையாது. அவன் ஏன் சிரிக்கவில்லை என்று படிவம் கேட்கவில்லை. அடியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. கட்டாயம் இல்லை, விரும்பினால் எழுதலாம்.

அவள் இரண்டுக்கும் 'இல்லை' போட்டாள். பிறகு அந்தக் கட்டத்தில் நடந்ததை எழுதினாள். எத்தனை டேபிள், எத்தனை மணிக்கு சூப் கொட்டியது, யார் துடைத்தது, குழந்தையின் கையை அவன் முதலில் பார்த்தது எல்லாம். எழுதி முடிக்க அரை மணி நேரம் கூடுதல். மணிக்கு 27.50 என்றிருந்த கூலி 24 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது.

நான் உங்களிடம் பேச வந்தது அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

'குடுக்கற காசுக்கு இவ்வளவுதான் வேலை' என்று நாம் எல்லோரும் சொல்வோம். நியாயம்தான். குறைந்த சம்பளத்துக்கு டைப் அடிக்கிறவர் நிதானமாக அடித்தால், நஷ்டம் சம்பளம் கொடுக்கிறவருக்கு. கொடுப்பதைக் கூட்டட்டும், வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்த வேலையில் நீங்கள் அரைகுறையாகச் செய்தால் நஷ்டம் ஏஜென்சிக்கு இல்லை. முதலாளிக்கும் பெரிதாக இல்லை. பெயர் குத்திய சட்டையோடு நிற்கிறானே, அவனுக்கு. பல நிறுவனங்களில் மேனேஜரின் இன்சென்டிவ் இந்த மார்க்கோடு கட்டப்பட்டிருக்கிறது. மார்க் குறைந்தால் மேனேஜர் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று உங்களுக்குத் தெரியாதா? குற்றம் சொன்னது யார் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. 'சார், அன்னைக்கு சூப் கொட்டிடுச்சு' என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பே வராமல் போகலாம்.

திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். பத்துக் குறளும் வேவு பார்ப்பது பற்றித்தான். ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். அதோடு விடவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்கிறார். இங்கே ஒரே ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு காலேஜ் பெண், ஒரு 'இல்லை'. அதற்கே மார்க் போட்டுவிடுகிறார்கள்.

ரூத் ரைஷல் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. 1993-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ரெஸ்டாரன்ட் விமர்சகர் ஆனார். விக் வைத்து, வேஷம் போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார். லெ சர்க் என்ற பெரிய இடத்துக்குச் சாதாரணப் பெண்மணியாகப் போனபோது கிடைத்த மரியாதை ஒன்று; அவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்தபோது கிடைத்தது வேறு. இரண்டையும் எழுதினார். நாலு நட்சத்திரம் மூன்றானது. அவரும் மாறுவேடம்தான். ஆனால் பல முறை போனார். தன் பெயரைப் போட்டு எழுதினார். அவர் மார்க் குறைத்தது அந்த வீட்டுக்கு. தட்டு தூக்குகிற ஒருவருக்கு அல்ல.

பி.காம். படித்தவர்களுக்கு ஆடிட்டிங் பாடத்தில் ஒரு இங்கிலாந்து வழக்கு வரும். 1896, கிங்ஸ்டன் காட்டன் மில். தணிக்கையாளர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி சொன்ன வழக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். அதன் அர்த்தம் அந்த ராத்திரிதான் லேசாகப் புரிந்தது. குற்றம் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு தேடுவது ஒரு வேலை. விழித்திருந்து, நடந்ததை நடந்தபடி பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே சம்பளமாக இருக்கலாம். வேலை ஒன்றல்ல.

அப்படியானால் இந்த வேலைக்குப் போகலாமா, கூடாதா? காசுக்காக என்றால், மேலே போட்ட கணக்கே பதில் சொல்லிவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். ஆனால் தப்பான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அசுத்தமான அடுப்படியையும், காசு பறிக்கிற பில்லையும் யாராவது போய்ப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும். ஒன்றே ஒன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எவனைப் பற்றி எழுதுகிறீர்களோ, அவன் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தால், அந்த ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையாவது மாற்றுவீர்களா? மாற்ற மாட்டேன் என்றால் தாராளமாகப் போங்கள். அதற்கு ஆகும் கூடுதல் அரை மணி நேரத்துக்குக் காசு கிடையாது. அதைக் கொடுக்க மனசில்லை என்றால், 250 அல்ல, 2,500 கொடுத்தாலும் போகாதீர்கள்.

'எனக்கென்ன, நான் மிஸ்டரி ஷாப்பர் இல்லையே' என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். நேற்று ராத்திரி பார்சல் கொண்டுவந்த பையனுக்கு எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள்? மழையில் வந்தான், பத்து நிமிஷம் லேட், ஒரு நட்சத்திரம். படுத்தபடியே, கட்டை விரலால். நாம் எல்லோருமே இப்போது சம்பளம் வாங்காத மிஸ்டரி ஷாப்பர்கள்தான். குறிப்புகள் எழுதும் கட்டம் நமக்கும் இருக்கிறது. எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

பணம் 52-ஆவது நாள் வந்தது. அந்தக் குறிப்பை யாராவது படித்தார்களா, தெரியாது. ஒரு மாசம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தேன். பையன் கண்ணில் படவில்லை. அன்றைக்கு அவனுக்கு லீவாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.