கால் விரிந்த குஞ்சும் வினைக்கொள்கையும்



சென்ற திங்கள் எம் ஊர்ச் சைவ சபையில் வினைக்கொள்கையைக் குறித்து யாம் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினோம். செய்த வினை செய்த உயிரையே சாரும் என்பதனையும், நுகர்வினையை நுகர்ந்தே கழித்தல் வேண்டும் என்பதனையும் பல உவமைகளால் வற்புறுத்தினோம். கேட்டோர் தலையசைத்தனர். எமக்கும் மகிழ்ச்சியே. அம்மகிழ்ச்சி ஐந்து நாள் நின்றது.

எம் அடுத்த வீட்டில் மூதாட்டியார் ஒருவர் முட்டைக்காக இரண்டு கோழிகள் வளர்க்கின்றார். (புலாலுணவு நீக்கிய யாம் கோழி வளர்ப்பதில்லை, ஆயினும் அவ்விரண்டும் எம் முற்றத்தைத் தம்முடையதாகவே கருதி வருகின்றன.) அவற்றுள் ஒன்று 12 முட்டைகளில் அடைகாத்து, 21-ஆம் நாள் 9 குஞ்சுகளைப் பொரித்தது. பூனைக்கு அஞ்சிய அம்மையார் குஞ்சுகளை எடுத்துச் செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் இட்டு வைத்தார். மறுநாள் ஒரு குஞ்சின் கால்கள் இரண்டும் இருபுறமும் அகன்று, மார்பு தரையிற் படிய, அது தவளைபோற் கிடந்தது. ஏனைய குஞ்சுகள் அதன்மேல் ஏறி மிதித்தன; சில கொத்தின. அம்மையார் அதனைத் தனியே எடுத்து அடுப்படி மூலையில் ஒரு பழைய முறத்தில் இட்டுவிட்டார்.

அவர் பேரன் எட்டு வயதுச் சிறுவன். அவன் எம்மிடம் வந்து, “தாத்தா, அதன் வினையை அது நுகரட்டும் என்று பாட்டி சொல்கிறார். நீங்கள்தாம் சபையில் அப்படிச் சொன்னீர்களாம். நான் அதற்குத் தண்ணீர் கொடுத்தால் பாவமா?” என்று வினவினான். யாம் திடுக்கிட்டோம். பாதியே சொல்லப்பட்ட எம் பேச்சு ஓர் உயிரை முறத்தில் கிடத்திவிட்டதன்றோ!

சிறுவனது அச்சத்திற்கு வேறொரு காரணமும் இருந்தது. குஞ்சு பொரித்த நாளில் ஒரு முட்டையின் ஓடு சிறிதே விண்டு, உள்ளிருந்த குஞ்சு நெடுநேரம் கத்திக்கொண்டிருந்ததாம். இரக்கத்தால் இவன் ஓட்டை உரித்துவிட்டான். குருதி பெருகி அக்குஞ்சு இறந்தது. ஓடு விண்டபின் வெளிவர ஒரு பகலும் ஓர் இரவும் ஆதல் உண்டு. அதற்குள் ஓட்டின் உட்சவ்விலுள்ள குருதி முழுதும் குஞ்சின் உடலுக்குள் திரும்புதல் வேண்டும். எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றினுள் ஒடுங்குதல் வேண்டும். இவன் அதனை அறிந்திலன். மலபரிபாகம் நோக்கி அருள் காத்து நிற்கும் என்று நூல்கள் கூறுவதனை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கின்றோம். அதற்கு இத்துணைத் தெளிவான சான்று எமக்கு முன்னர் வாய்த்ததில்லை. ஆயின், உதவக்கூடாத காலம் ஒன்று உண்டு என்பதனால் உதவவே கூடாது என்பது பெறப்படுமோ? சிறுவன் குழம்பியதும் இவ்விடத்தே; அவன் பாட்டியார் வழுவியதும் இவ்விடத்தே.

யாம் சபையில் சொல்லாது விட்டது யாதெனின், வினை சடம் என்பது. தன்னைச் செய்தவன் யாவன் என அது அறியாது. தானே சென்று பற்றவும் மாட்டாது. அதனை அறிந்து ஊட்டுவோன் இறைவன். அவன் ஊட்டுதற்குக் கருவிகள் பல. வழுக்கும் செய்தித்தாள் ஒரு கருவி. அடையில் வெப்பம் மாறுபடுதல் ஒரு கருவி. தாய்க்கோழியின் தீனியில் பி2 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால் குஞ்சின் விரல்கள் உள்மடிந்து போதலும் உண்டு, அதுவும் கருவியே. துன்பம் வந்த இவ்வழிகளையெல்லாம் இறைவன் ஆணை என்று ஒப்பும் நாம், ஒரு துணிநாடாவும் சிறுவன் ஒருவன் கையும் அவ்வாணைக்குப் புறம்பு என்போமாயின், உலகிற் பாதியை அவனது ஆட்சியினின்றும் நீக்கியவராவோம். அக்குஞ்சின் வினை இத்துணைத்து என அளந்தவர் நம்முள் யார்? அது இரண்டு நாட்டுன்பமோ, இரண்டாண்டுத் துன்பமோ? நாம் வாளா இருத்தலும் நமக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதனை மறத்தல் ஆகாது.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்து 47-ஆம் படலம் ஒரு கரிக்குருவியைப் பற்றியது. முற்பிறப்பிற் செய்த சிறு தீவினையால் குருவியாய்ப் பிறந்து, காகங்கள் கொத்த நொந்து, அது மதுரையை அடைந்தது. சோமசுந்தரக் கடவுள் ‘உன் வினை, நுகர்’ என்று போக்கினாரல்லர். மிருத்யுஞ்சய மந்திரத்தை உபதேசித்து, ‘வலியான்’ என்னும் பெயரும் வலிமையும் தந்தருளினார்.

இவற்றையெல்லாம் அன்று அம்மையாரிடம் விரித்துரைக்கப் பொழுதில்லை. உள்ளொடுங்கிய மஞ்சட்கருவின் துணையால் குஞ்சு இரண்டு மூன்று நாளே உணவின்றித் தாங்கும். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டோம். முதற்சில நாட்களில் என்பு இளகியிருக்கும், உடனே கட்டுக என்றார். மெல்லிய துணிநாடாவால் இரு கால்களையும், இயல்பாக நிற்கும் அகலத்தில், ஒன்றோடொன்று பிணைத்தோம். செய்தித்தாளை நீக்கிச் சாக்கு விரித்தோம். முதல் வாரம் 35 பாகை செல்சியசு அளவு வெப்பம் வேண்டுமாகலின் ஒரு மின்விளக்கைத் தாழத் தொங்கவிட்டோம். அலகைத் தண்ணீரில் தோய்த்துக் காட்டியது சிறுவன். தனிமையில் அது ஓயாது கத்தியது. கொத்துதற்கு எட்டாமல், காணுதற்கு மட்டும் வாய்ப்பாக, கம்பிவலைக்கு அப்பால் உடன்பிறந்தவற்றை வைத்தபின் அடங்கிற்று.

எல்லாக் குஞ்சும் தேறும் என்று யாம் சொல்லோம். இடுப்பெலும்பே பிறழ்ந்து பிறந்ததற்கு நாடா உதவாது. அதற்கும் வெப்பமும் நீரும் இறுதிவரை கொடுத்தல் தகும் என்பதே எம் கருத்து.

மூன்றாம் நாள் அது தடுமாறி எழுந்து நின்றது. ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தோம். அன்றிரவு, கோழி உறங்கும்போது அதன் சிறகடியில் அம்மையாரே கொண்டுபோய் வைத்தார். விடிந்தபின் தாய் அதனை வேறுபடுத்தவில்லை. வலக்கால் சிறிது வெளிநோக்கியே நிற்கின்றது. சிறுவன் அதற்கு வலியான் என்று பெயரிட்டுள்ளான். பெட்டையாய் இருந்தால் என் செய்வது என்று அம்மையார் எம்மைக் கேட்கின்றார். வரும் திங்கள் சபையில் வினைக்கொள்கையை யாம் முதலிலிருந்து மீளவும் தொடங்க இருக்கின்றோம்; முன்வரிசையில் அவ்விருவருக்கும் இடம் சொல்லி வைத்திருக்கின்றோம்.