எடைமேடையும் ஒலிவாங்கியும்

கார்கள் இரண்டிரண்டாகக் குறுந்தூரம் ஓடிப் போட்டியிடும் அமெரிக்க டிராக் ரேஸ் மைதானங்களில் ஓட்டம் முடிந்து திரும்பும் கார் தன் கூடாரத்துக்குப் போகும் முன் எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்துத்தான் எடை. புரோ ஸ்டாக் பிரிவில் நெடுங்காலமாக அந்த எடை 2,350 பவுண்டு. அதற்கு ஒரு பவுண்டு குறைந்தாலும் ஓட்டம் செல்லாது. வேண்டுமென்றே குறைத்தார்களா, எரிபொருள் எவ்வளவு தீரும் என்று போட்ட கணக்கு தப்பியதா என்றெல்லாம் எடைமேடை கேட்பதில்லை. நேர்மையானவருக்கும் வஞ்சகருக்கும் அங்கே ஒரே தீர்ப்பு.

இது சரியா? செய்ததைப் பார்ப்பதோடு செய்தவரின் எண்ணத்தையும் பார்க்க வேண்டும் என்பதே பொதுவாக நாம் நம்பும் அறம். தவறிச் செய்த பிழைக்கும் திட்டமிட்ட மோசடிக்கும் ஒரே தண்டனை என்றால் மனம் ஒப்புவதில்லை. இருந்தும், சோதனை நடக்கும் இடத்தைப் பொறுத்தவரை எடைமேடையின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

காரணம் அந்த விளையாட்டின் அளவில் இருக்கிறது. 1951இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம்தான், அதாவது என்எச்ஆர்ஏதான், அமெரிக்காவில் இந்தப் பந்தயத்தின் பெரிய அமைப்பு. பொமோனா, கெய்ன்ஸ்வில், இண்டியானாபொலிஸ் என்று ஊர் ஊராகப் பருவம் முழுவதும் சுற்றுவது ஏறக்குறைய ஒரே கூட்டம். பரிசோதகரும் மெக்கானிக்கும் ஓட்டுநரும் பல வருடங்களாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் பரிசோதகரிடம் எண்ணத்தை எடைபோடும் உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும்? பழகியவரின் விளக்கம் நம்பும்படியாக இருக்கும். புதிதாக வந்தவரின் விளக்கம் சாக்காகப் படும். பரிசோதகர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மனித மனம் அப்படித்தான் சாயும். எண்ணத்தைக் கேட்காமல் இருப்பது இரக்கமின்மை போலத் தோன்றினாலும், பெயரில்லாத ஓட்டுநருக்கு அதுவே காவல்.

ஆனால் இப்படி விளக்கம் கேட்காத கண்டிப்புக்கு ஒரு விலை உண்டு. அளக்கும் கருவி எல்லோருக்கும் ஒன்றாக, எல்லோரும் சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். டாப் ஃப்யூவல், ஃபன்னி கார் பிரிவுகளில் எரிபொருளில் நைட்ரோமீத்தேன் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதை அடர்த்தியை வைத்துக் கணக்கிடுகிறார்கள்; அடர்த்தியோ வெப்பநிலையோடு மாறுவது. வெயில் ஏறிய மதியத்தில் ஒரு அணியின் எரிபொருளையும் மாலையில் இன்னொரு அணியுடையதையும் சோதிப்பவர் அந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் விட்டால், விதி ஒன்றாக இருந்தும் தீர்ப்பு இரண்டாகிவிடும். ஆகவே அளவு, அளந்த நேரம், அளந்த முறை மூன்றையும் எழுதிக் கையில் கொடுப்பது அணிக்குச் செய்யும் சலுகை ஆகாது. விளக்கம் கேட்காமல் தண்டிக்கும் அமைப்பு பட்ட கடன் அது.

பாதுகாப்புச் சோதனையில் இந்தக் கண்டிப்பு இன்னும் கசக்கும். இருக்கைப் பட்டைகளுக்கும் சட்டகத்துக்கும் காலக்கெடு உண்டு. வார விடுமுறையில் சொந்தக் காசில் ஓட்ட வரும் ஒரு குடும்பம் பல நூறு மைல் டிரெய்லர் இழுத்து வருகிறது. பட்டையின் தேதி போன வாரம் முடிந்திருக்கிறது. துணி நன்றாகத்தான் தெரிகிறது. திருப்பி அனுப்புவதா? அனுப்பத்தான் வேண்டும். 2007 மார்ச்சில் கெய்ன்ஸ்வில்லில் சோதனை ஓட்டத்தின்போது அடிபட்டு ஓட்டுநர் எரிக் மெட்லன் இறந்தார். 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்லிஷ்டவுனில் இன்னொரு ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா இறந்தார். அதற்குப் பிறகுதான் டாப் ஃப்யூவல், ஃபன்னி கார் ஆகிய மிக வேகமான இரு பிரிவுகளுக்கும் ஓடுதூரம் 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. இந்த விளையாட்டில் பாதுகாப்பு விதிகள் பலவற்றின் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதே என்று ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை எங்கே நிற்பது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய நியாயம் வேறு: பெரிய நிறுவனத்தின் பெயர் தாங்கிய அணியின் பட்டையையும் அதே கண்ணால் பார்ப்பது. பணமுள்ள அணி புதுப் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடிவிடும். இவர்கள் வீடு திரும்புவார்கள். அந்த ஏற்றத்தாழ்வை விதி தீர்க்க முடியாது. ஆனால் பரிசோதகரின் கை அதைப் பெரிதாக்காமல் இருக்கலாம்.

யாரைச் சோதிப்பது என்பதிலும் நியாயம் அடங்கியிருக்கிறது. ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் போன்ற பிரிவுகளில் வென்றவரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, சிலிண்டர் கொள்ளளவு முதல் கேம் ஏற்றம்வரை அளப்பது பழைய வழக்கம். வென்றவரைச் சோதிப்பது இயல்பு என்றே தோன்றும். கொஞ்சம் யோசித்தால் ஓட்டை தெரியும். டிராக் ரேஸ் இருவர் இருவராக மோதித் தோற்றவர் வெளியேறும் ஆட்டம். முதல் சுற்றில் விதிமீறிய காரிடம் தோற்றவர் வீட்டுக்குப் போகிறார். அந்தக் கார் இரண்டாம் சுற்றில் வேறு காரணத்தால் தோற்கிறது. அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில் வெளியேறியவருக்கு இழைத்த தீங்கு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வென்றவரோடு, குலுக்கலில் வரும் இன்னும் சிலரையும் ஒவ்வொரு சுற்றிலும் அளந்தால் மட்டுமே இது குறையும். புகார் வந்தவரைத் தேடிப் போய்ச் சோதிப்பதை விட அதுவே நல்லது. புகார் பெரும்பாலும் பிரபலமில்லாத ஆளின் மேல் சுலபமாக விழும்.

விதியே பொய்யைப் பழக்குவதும் உண்டு. சில பிரிவுகளில் ஒரு கார் தனக்கு நிர்ணயித்த நேரத்தை விட மிக வேகமாக ஓடிவிட்டால் அதன் குதிரைத்திறன் கணக்கு உயர்த்தப்படுகிறது. அதற்கேற்ப எடை கூடுகிறது. பலன் என்ன? முடிவுக் கோட்டைத் தொடும் முன் பிரேக் போடுகிறார்கள். தன் முழு வேகத்தை மறைக்கும் இந்தப் பழக்கத்தை அங்கே மணல் மூட்டை போடுவது என்பார்கள். இதை மோசடி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் எந்த விதியும் மீறப்படவில்லை. நேர்மை என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கார் தன்னைப் பற்றித் தவறான சாட்சி சொல்கிறது. இங்கே பழி ஓட்டுநரை விட விதியை எழுதியவர்கள் மேல்தான் அதிகம் விழ வேண்டும். உண்மையைச் சொன்னவருக்கு எடையை ஏற்றிவிட்டு, மறைத்தவரை விட்டுவிடும் ஏற்பாடு அது.

இதுவரை சொன்னது கருவிகளைப் பற்றி. பேச்சைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது, ஏனெனில் டிராக் ரேஸில் ஓட்டத்தை விடப் பேச்சே நீளம். டாப் ஃப்யூவல் கார் 1,000 அடியை 4 செகண்டுக்குள் கடந்துவிடுகிறது. வேகம் மணிக்கு 330 மைலைத் தாண்டும். கண் எதையும் பிடிப்பதற்குள் முடிந்துபோகிறது. யார் முந்தினார், ஏன் முந்தினார், எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தொலைக்காட்சிப் பார்வையாளர் வர்ணனையாளர் வாயிலாகத்தான் அறிகிறார். கிரிக்கெட்டில் வர்ணனையை அணைத்துவிட்டும் ஆட்டம் பார்க்கலாம். இங்கே அணைத்தால் மிஞ்சுவது இரைச்சலும் புகையும். நேரக் கணக்கில் பின்தங்கிய கார் ஜெயிப்பது இந்த விளையாட்டில் சகஜம்: பச்சை விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் எதிராளியை முந்திப் புறப்பட்டிருந்தால், ஓடிய நேரம் சற்று அதிகமானாலும் முடிவுக் கோட்டை முதலில் தொடலாம். இதை யாராவது சொல்லாவிட்டால், வேகமான கார் தோற்றதைப் பார்க்கும் புதியவர் ஏதோ சூது நடந்தது என்றே நினைப்பார். கேட்பவரிடம் இவ்வளவு செல்வாக்குள்ள பேச்சுக்கு அதே அளவு பொறுப்பும் உண்டு.

எடைமேடைக்குப் பொருந்தும் அறம் ஒலிவாங்கிக்குப் பொருந்தாது. எண்ணத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது பரிசோதகரின் கடமை. எண்ணம் தெரியாமல் குற்றம் சொல்லாமலிருப்பது வர்ணனையாளரின் கடமை. எடை இரண்டு பவுண்டு குறைந்து ஓட்டம் ரத்தானால், எடை இரண்டு பவுண்டு குறைந்து ஓட்டம் ரத்தானது என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தில் ‘பிடிபட்டார்’ என்ற ஒரு சொல் நுழைந்துவிட்டால் போதும், ஒரு கணக்குப் பிழை ஒருவருடைய வாழ்நாள் பெயராகிவிடும். மறுபக்கமும் உண்டு. 1990களில் ஒரு புரோ ஸ்டாக் அணி, தடைசெய்யப்பட்ட நைட்ரஸ் ஆக்சைடைக் காருக்குள் மறைத்துப் பயன்படுத்தியது வெளிப்பட்டது. அது தவறிப்போய்ச் செய்யக்கூடிய காரியம் அன்று. ஒளித்து வைக்கும் ஏற்பாடே எண்ணத்துக்குச் சாட்சி. அங்கே ‘விதிமீறல்’ என்று மழுப்புவதும் அநீதி. அந்த அணியிடம் நேர்மையாகத் தோற்ற ஒவ்வொருவருக்கும் அது மோசடி என்று கேட்கும் உரிமை உண்டு.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விவகாரங்கள்தான் கடினம். 2009ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸில் நடந்த யூ.எஸ். நேஷனல்ஸ் போட்டியின் ஃபன்னி கார் அரையிறுதியில் ராபர்ட் ஹைட் தம் அணித் தலைவரும் மாமனாருமான ஜான் ஃபோர்ஸை வென்றார். பட்டத்துக்கான இறுதிக் கட்டத்துக்குள் நுழைய ஹைட்டுக்கு அந்த வெற்றி தேவைப்பட்டது. ஃபோர்ஸ் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்று சக ஓட்டுநர் டோனி பெட்ரகன் கேமராக்களுக்கு முன்னாலேயே குற்றஞ்சாட்டினார், ஃபோர்ஸ் மறுத்தார். இருவரும் மோதிக்கொண்ட அந்தக் காட்சியே பரபரப்பான செய்தியானது. ஹைட் அந்த வருடப் பட்டத்தையும் வென்றார். ஒரே அணியின் இரண்டு கார்கள் மோதும்போது எழும் இந்தச் சந்தேகத்தை எந்த எடைமேடையும் தீர்க்காது. மனத்தை அளக்கக் கருவி இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒளிபரப்பு செய்யத்தக்கது இதுதான்: குற்றச்சாட்டையும் மறுப்பையும் சம அளவில் கேட்கவிட வேண்டும், புறப்பட்ட நேரம், ஓடிய நேரம் ஆகிய எண்களைத் திரையில் வைக்க வேண்டும், இந்த எண்களால் எதை நிரூபிக்க முடியும், எதை முடியாது என்று விளக்க வேண்டும். சண்டைக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுவது இவற்றில் எதையும் செய்யாது.

அதே டோனி பெட்ரகன், 2003லும் 2007லும் ஃபன்னி கார் பட்டம் வென்றவர், 2016 முதல் அந்தப் போட்டிகளின் தொலைக்காட்சி வர்ணனைக்கு வந்தார். அவருடைய அண்ணன் க்ரூஸ் பெட்ரகன் அதே பிரிவில் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணனின் ஓட்டத்தையும், ஒரு காலத்தில் தாம் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டிய அணியின் ஓட்டத்தையும் அவர் விளக்க வேண்டிய நிலை. இவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது தவறா? தவறில்லை. 4 செகண்டில் எஞ்சினுக்கு உள்ளே என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அதை ஓட்டியவர்களே. அவர்களுக்கு உறவும் பகையும் இருக்கத்தான் செய்யும். உறவில்லாத ஆளைத் தேடினால் அறிவில்லாத ஆள்தான் கிடைப்பார். வேண்டியது உறவை வெளிப்படையாகச் சொல்வது. ஒவ்வொரு ஒளிபரப்பிலும், அண்ணனின் கார் வரும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். பழைய பார்வையாளருக்குத் தெரியும் என்று விட்டுவிடக் கூடாது. அண்ணனின் ஓட்டம் ரத்தானாலோ, அண்ணனின் எதிராளியின் ஓட்டம் ரத்தானாலோ, அந்த நேரத்தில் தீர்ப்பை விளக்கும் வேலையைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுவதும் நல்ல முறை. இது அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பது ஆகாது. சந்தேகத்திலிருந்து அவரைக் காப்பது.

தனிமனிதரின் சார்பை விட அமைப்பின் சார்பு ஆழமானது. 2016இல் ஒளிபரப்பு ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸுக்கு மாறியபோது நிகழ்ச்சித் தயாரிப்பை என்எச்ஆர்ஏ தானே எடுத்துக்கொண்டது. விதியை எழுதுபவர், காரைச் சோதிப்பவர், தண்டிப்பவர், அதைப் பற்றி உலகத்துக்குச் சொல்பவர் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள். சிறிய விளையாட்டுக்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம், செலவு அப்படி. ஆனால் இந்த ஏற்பாட்டில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. சொல்லாமல் விட்டால் போதும். பரிசோதகர் தவறாக அளந்தார் என்பதோ, ஒரு விதி ஒரு தயாரிப்பாளரின் எஞ்சினுக்குச் சாதகமாக இருக்கிறது என்பதோ வர்ணனையில் வராமலே போகலாம். அதை யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. சம்பளம் தருபவரின் முகம் சுளிக்கும் என்ற நினைப்பே போதும். புரோ ஸ்டாக் மோட்டார் சைக்கிள் பிரிவில் ஹார்லிக்கும் சுசுகிக்கும் இடையே எடையும் எஞ்சின் அளவும் எப்படி வைத்தால் சமமாகும் என்ற சர்ச்சை வருடக்கணக்காக நடந்தது. அப்படிப்பட்ட சர்ச்சையில் விதியை எழுதியவரே அதை விளக்கவும் செய்தால், கேட்பவர் எதை வைத்து நம்புவார்?

ஆகவே என்எச்ஆர்ஏ செய்ய வேண்டியது இரண்டு. ரத்தான ஒவ்வொரு ஓட்டத்துக்கும், கார் யாருடையதாக இருந்தாலும், மீறிய விதி, அனுமதித்த அளவு, அளந்த அளவு ஆகியவற்றை அன்றைக்கே வெளியிட வேண்டும். அந்த அறிக்கையை அப்படியே படிக்கவும், அதைக் கேள்வி கேட்கவும் வர்ணனையாளருக்கு உரிமை உண்டு என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். எடைமேடையில் ஓட்டுநருக்குக் காட்டும் எண்ணைப் பார்வையாளரிடம் மறைக்க எந்த நியாயமும் இல்லை.