விளக்கைப் போடாதே

கருப்பி அடையில் உட்கார்ந்த 19ஆம் நாள், பதினோரு முட்டைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். உள்ளே உயிர் இருந்தால் முட்டை லேசாகத் தலையாட்டும். ஒன்றுகூட ஆடவில்லை. அத்தனையும் கூமுட்டை.

தப்பு என்னுடையதுதான். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலைக் கொடுத்து, அடை வைக்கும்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது. சேவல் போன பிறகும் இரண்டு மூன்று வாரம் முட்டையில் கரு பிடிக்கும், அதற்குமேல் பிடிக்காது. அந்தக் கணக்கை நான் போடவில்லை. ஏழெட்டு நாளில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

கோழி மட்டும் தன் கணக்கில் தவறவில்லை. நாளுக்கு ஒருதரம் இறங்கும். கால் மணி நேரத்துக்குள் நாலு நொய் கொத்தி, தண்ணீர் குடித்து, மண்ணில் ஒரு புரளல் புரண்டு, ஓட்டமாய்க் கூடைக்குத் திரும்பிவிடும். நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறும் தோலாகியிருந்தது. கையில் தூக்கினால் கனமே இல்லை.

“தண்ணியில ரெண்டு முக்கு முக்கி, மூக்குல ஒரு இறகச் சொருகி விடுங்க. ரெண்டு நாள்ல அடை தெளிஞ்சிரும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஊர் வழக்கம் அதுதான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “இத்தன நாள் உக்காந்திருக்கு. வெறுசா எழுப்பி விடக் கூடாது. கலர்க் குஞ்சுக்காரன் வந்தா நிறுத்து” என்றாள்.

சைக்கிளில் கூடை கட்டி, ரோஸும் பச்சையுமாகக் கோழிக்குஞ்சு விற்க வருவாரே, அவரைத்தான் சொன்னாள். அந்தக் குஞ்சுகளின் கதை கொஞ்சம் கொடுமையானது. முட்டைப் பண்ணைக்குப் பெட்டைதான் தேவை. அந்த ஜாதிச் சேவல் முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. கழித்துப்போட்டதைச் சாயத்தில் முக்கித் தெருவில் விற்றுவிடுகிறார்கள். பண்ணைக்காரர்கள் நம்பியிருக்கும் வெள்ளை லெகார்ன் வம்சத்திலிருந்து அடைகாக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்தெடுத்துவிட்டார்கள். அடையில் உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டை இடாது, பண்ணைக்கு அது நட்டம். ஆக, இந்தக் குஞ்சைப் பெற்றவளும் அடை கிடந்ததில்லை, அவளைப் பெற்றவளும் கிடந்ததில்லை. எல்லாம் இன்குபேட்டர் பிள்ளைகள்.

ஐந்து குஞ்சு வாங்கினேன், ஒன்றிரண்டு நாள் வயதுதான் இருக்கும். ஆறாவதாக ஒரு பச்சைக் குஞ்சைக் கொசுறாகத் தந்தார். அது கொஞ்சம் பெரியது. இறக்கையில் பூவிறகு முளைத்திருந்தது. விற்காமல் ஒரு வாரமாகக் கூடையிலேயே ஊர் சுற்றியிருக்கும்போல.

ஊர் அடங்கியபின் அம்மா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சுவிட்சைத் தேடினேன். “லைட்டப் போடாத” என்றாள். அவளுக்குக் கண்ணில் புரை, வெளிச்சம் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இடது கை கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. வலது கை பின்பக்கமாக வயிற்றுக்கடியில் போய் ஒரு முட்டையை எடுக்கும், அந்தக் குழியில் ஒரு குஞ்சை வைக்கும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. கருப்பி தொண்டைக்குள் குர்ரென்றது. கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

வெளிச்சத்தில் வைத்தால் கண் முந்திக்கொள்ளும். ராத்திரியில் சூடு முந்திக்கொள்ளும். இவ்வளவுதான் இதில் உள்ள சூட்சுமம். ஆனாலும் விடியும்போது ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். கொத்திச் சாகும், நான் பார்த்திருக்கிறேன். பிடிக்காத குஞ்சைக் கோழி மண்டையில்தான் கொத்தும்.

அஞ்சு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் வந்ததும் கருப்பியின் கறுத்த இறக்கைக்குள்ளிருந்து ரோஸ் கலரில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. கருப்பி கழுத்தைச் சாய்த்து அதை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறுபக்கம் திருப்பி அடுத்த கண்ணால் பார்த்தது. நான் கையை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தேன். அது குனிந்து, பக்கத்தில் கிடந்த நொய்யைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, டுக்டுக்கென்று கூப்பிட்டது. ரோஸ் ஓடி வந்தது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன. அந்தக் கூப்பாட்டை அவற்றின் வம்சத்தில் எத்தனை தலைமுறையாக யாரும் கேட்டதில்லையோ!

“பாவம், ஏமாந்துருச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோழியைக் கூடையில் உட்காரவைப்பது புரோலாக்டின் என்ற ஒரு சுரப்பு என்கிறார்கள், இருக்கட்டும். இருட்டில் நடந்தது ஏமாற்று என்றால், பகலில் இரண்டு கண்ணாலும் ரோஸ் கலரைப் பார்த்த பிறகு நொய்யைக் கொத்திக் கொடுத்ததற்கு என்ன பேர்?

பச்சை மட்டும் வரவில்லை. விடியும்போதே கூடைக்கு வெளியே போய், சுவரோரம் நின்று கத்திக்கொண்டிருந்தது. கருப்பி அதைக் கொத்தவில்லை, கூப்பிடத்தான் செய்தது. கோழி குஞ்சைச் சேர்க்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். குஞ்சு கோழியைச் சேர்க்குமா என்று கேட்பதில்லை. 1873இல் தன் சோதனைகளை எழுதி வெளியிட்ட டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற பிரிட்டன்காரர், பொரித்த குஞ்சுகளின் தலையில் முக்காடு போட்டு, சிலவற்றுக்குச் சீக்கிரமாகவும் சிலவற்றுக்குத் தாமதமாகவும் எடுத்துப் பார்த்தார். சீக்கிரம் கண் திறந்தவை அவர் காலையே சுற்றி வந்தன. நாலு நாள் வரை மூடிவைத்திருந்தவை அவரைக் கண்டதும் மிரண்டு ஓடின. ஸ்பால்டிங் அப்படியேதான் இருந்தார். நாள்தான் தாண்டியிருந்தது.

நான் பச்சையைப் பிடித்துக் கருப்பியின் அடியில் திணிக்கப் போனேன். “விடு. அது நாளானது” என்றாள் அம்மா. “ராத்திரி பல்புக்கடியில படுக்கட்டும். தீனி மட்டும் எல்லாத்துக்கும் ஒரே எடத்துல போடு.”

என்னைப் பெற்றவள் இறந்தபோது எனக்கு ஒன்றரை வயது, அக்காவுக்குப் பத்து. இதுவரை அம்மா என்று எழுதியது அதற்கடுத்த வருடம் வந்தவளை. எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அக்கா ஏன் அம்மாவைச் சித்தி என்கிறாள் என்று கேட்டால், அவளுக்கு அப்படியே பழகிப்போச்சு என்பார்கள். பன்னிரண்டு வயதில், ஒரு கல்யாணப் பந்தியில், தூரத்து உறவுக்காரி ஒருத்தி இலைக்கு மேலே குனிந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வீட்டுக்கு வந்து அம்மாவை ஏற இறங்கப் பார்த்தேன். “என்னடா, சோறு போடவா?” என்றாள். போடு என்றேன்.

அக்காவுக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்க்கவில்லை. எல்லாவற்றையும் அவள் பட்டப்பகலில் பார்த்தாள். சண்டை போட்டதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள், அவ்வளவுதான். அதை வீம்பு என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். எனக்குத் தெரியக் கூடாது என்று எடுத்து ஒளித்த போட்டோ அவளுடைய அம்மாவின் போட்டோ என்பது, ஐம்பது வயது தாண்டி, கோழிக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கை அணைத்தது எனக்காக. இருட்டில் விழித்துக்கொண்டிருந்தது அவள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அக்கா பள்ளிக்கூடம் கிளம்பும்போது தூக்குவாளி திண்ணையில் தயாராக இருக்கும். அம்மா அதை அவள் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் வாளியை மட்டும் கையில் கொடுப்பாள். அந்த ஓரவஞ்சனைக்காக உள்ளுக்குள் அம்மாவைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து வாரத்தில் சாயம் போய் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. எது ரோஸ், எது பச்சை என்று பகலில் எனக்கே தெரியாது. பொழுது சாய்ந்தால் தெரியும். ஐந்து கருப்பியோடு பஞ்சாரத்துக்குள் போகும், ஒன்று மட்டும் ஆட்டுக்கல்மேல் ஏறி நிற்கும். பொங்கலுக்கு வந்திருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“அது ஏன் சித்தி, தனியா நிக்குது?”

“அது அப்படித்தான். திங்க வரும்.”

அக்கா ஒரு கை நொய் அள்ளிக்கொண்டு ஆட்டுக்கல் பக்கம் நடந்தாள்.

“அங்க போடாத, தாயி” என்றாள் அம்மா. “இங்கயே போடு. வரும்.”