சாளக்கிராமமும் பூமியின் மாற்றமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு நாள், உச்சிக்காலத் திருவாராதனம் முடிந்து திருக்காப்பிடும் வேளையில், அடியேனுக்கு நெடுநாள் பழக்கமான ஓர் அன்பர் சந்நிதிக்கு வந்தார். கையிலே பட்டு சுற்றிய ஒரு சிறு பெட்டி. அவருடைய கிருஹத்தில் நான்கு தலைமுறையாக ஆராதிக்கப்பெற்று வரும் சாளக்கிராம மூர்த்தி அதில் எழுந்தருளியிருந்தார். “சுவாமி, இனி இவரைக் கோயிலிலேயே எழுந்தருளப் பண்ணிக்கொள்ள வேண்டும்” என்றார்.

காரணம் வினவியபோது கண் கலங்கினார். கல்லூரியில் நிலவியல் பயிலும் குமாரன், “அப்பா, இது இறந்துபோன ஒரு கடற்பிராணியின் ஓடு, கல்லாகிவிட்டது. இதற்கா தினந்தோறும் திருமஞ்சனம்?” என்று கேட்டுவிட்டானாம். அதனைப் பொய்யென்று மறுக்க அவருக்கு வகை தெரியவில்லை. மெய்யென்று ஏற்கவும் மனம் துணியவில்லை. அன்று அடியேன் அவருக்குச் சொன்ன சமாதானத்தையே இவ்வுற்சவ மலரில் விண்ணப்பிக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குமாரன் கூறிய செய்தியில் பிழையில்லை.

திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தருளிய சாளக்கிராம திவ்யதேசத்தை நேபாள தேசத்து முக்திநாத் என்று கொண்டு யாத்திரிகர் ஸேவித்து வருகின்றனர். கடல்மட்டத்திற்குச் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உள்ளது அந்த ஸ்தலம். 8,167 மீட்டர் உயர்ந்த தவளகிரிக்கும் 8,091 மீட்டர் உயர்ந்த அன்னபூர்ணாவுக்கும் நடுவே மலையை அறுத்துக்கொண்டு பாய்கிறது காளி கண்டகி. அவ்வளவு உயரத்தில் கடற்பிராணி எவ்வாறு வந்தது?

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே மலையில்லை, கடல் இருந்தது. அறிஞர் அதனை டெதிஸ் கடல் என்பர். அதில் அம்மோனைட் என்னும் பிராணிகள் வாழ்ந்தன. கணவாய்க்கு உறவான இனம். சுருள்சுருளான ஓட்டிற்குள் அறை அறையாகக் கட்டிக்கொண்டு, வளர வளரப் பின்னறையை அடைத்துவிட்டு முன்னறைக்குக் குடிபெயர்வது அவற்றின் இயல்பு. இறந்தபின் ஓடுகள் கடலடிச் சேற்றில் புதைந்தன. அவற்றைச் சுற்றித் தாதுக்கள் திரண்டு உருண்டையாக இறுகின, சேறு கரும்பாறையாயிற்று. சில மூர்த்திகளில் நாம் காணும் பொன்ரேகை, இரும்பும் கந்தகமும் கூடிய தாதுவின் ஒளி. அந்த இனம் முழுதும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தது.

பாரத பூகண்டம் அக்காலத்தில் தெற்கே நெடுந்தொலைவில் இருந்தது. அது வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிற்று. இடையிலிருந்த கடலடி மடிந்து இமயமாக எழுந்தது. கண்டகி அக்கரும்பாறையை அரித்து, உள்ளிருந்த உருண்டைகளை உருட்டித் தேய்த்து நம் கையில் சேர்த்தது. இன்றும் பாரத பூமி ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்தவண்ணம் உள்ளது. ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகமே அது.

இம்மாற்றம் எப்போதும் மெல்லவே நிகழ்வதன்று. 2015 ஏப்ரல் 25ஆம் நாள் நேபாளத்தில் நேர்ந்த பூகம்பத்தில் காத்மாண்டுப் பகுதியின் நிலம் சில விநாடிகளில் ஏறத்தாழ 1 மீட்டர் உயர்ந்தது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். அதனை லீலை என்று எளிதில் சொல்லிவிட அடியேனுக்கு நா எழவில்லை. நாம் நிலையென்று நம்பி நிற்கும் நிலமும் நிலையன்று என்பதை மட்டும் உணர்ந்தேன்.

இனி நம் விஷயத்திற்கு வருவோம். நம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலும் அம்மோனைட் சுவடுகள் உண்டு. அங்கும் ஒரு காலத்தில் கடல் இருந்தது. ஆயினும் அவற்றை யாரும் பெட்டியில் வைத்து ஆராதிப்பதில்லை. ஏன்? நாம் ஆராதிப்பது ஓட்டை அன்று. கண்டகி க்ஷேத்திரத்தில், பிரதிஷ்டையும் வேண்டாமல், தானே உகந்து ஸாந்நித்யம் கொண்டிருக்கும் எம்பெருமானை ஆராதிக்கிறோம். உற்சவர் திருமேனி பஞ்சலோகம் என்பதும், அந்தச் செம்பு பூமியில் வெட்டியெடுத்ததே என்பதும் நமக்குத் தெரியாததா? எதனால் ஆனது என்பது ஒரு கேள்வி. யார் எழுந்தருளியிருக்கிறார் என்பது வேறு கேள்வி. முன்னதற்கு நிலவியல் விடை கூறும். பின்னதற்குச் சாஸ்திரமே பிரமாணம்.

வஜ்ரகீடம் என்னும் சிற்றுயிர் குடைந்ததால் சக்கரம் உண்டாயிற்று என்று நம் பெரியோர் சொல்லி வந்தனர். அக்கல்லில் ஓர் உயிரின் சம்பந்தம் உண்டு என்பது நமக்குப் புதிதன்று. அதனால் முன்னோர் அம்மோனைட்டை அறிந்திருந்தனர் என்று வலிந்து பொருள் கொள்வதும் முறையன்று.

பூமி மாறுகிறது என்பதும் நம் சித்தாந்தத்திற்கு விரோதமன்று. அசித்து இடைவிடாது பரிணமிப்பது என்றே நம் ஆசாரியர்கள் உபதேசித்தனர். மாறுவதனால் அது பொய்யாகிவிடாது, அதுவும் மெய், அதுவும் எம்பெருமானுக்குச் சரீரம். ஆகவே கடல் மலையானதை அறிந்த குமாரன் எம்பெருமானுடைய சரீரத்தின் ஒரு பகுதியையே அறிந்திருக்கிறான். அவ்வறிவைக் கண்டு நாம் அஞ்சலாமோ? பேரண்டத்தையே சரீரமாக உடையவன், 15 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஒரு கையளவு கல்லில் அடங்கி, நாம் வார்க்கும் ஓர் உத்தரணி தீர்த்தத்திற்குக் காத்திருக்கிறான். இதனினும் மிக்க ஸௌலப்யம் உண்டோ?

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் பெட்டியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிருஹத்திற்கே எழுந்தருளப் பண்ணிச் சென்றார். தை மாதத்தில் மறுபடி வந்தார். குமாரன் இன்னும் ஆராதனத்தில் இறங்கவில்லையாம். ஆயினும் தகப்பனார் திருமஞ்சனம் செய்யும்போது அருகே வந்து அமர்ந்து, டெதிஸ் கடலின் கதையை அவருக்குச் சொல்லுகிறானாம். அதுவே பெரிது. இமயம் எழுந்ததும் சிறுகச் சிறுகத்தானே!

பூமிப்பிராட்டியோடு கூடிய எம்பெருமான் அனைவருக்கும் மங்களம் அருள்வானாக.

அடியேன் ராமாநுஜ தாஸன்.