விலையும் பெறுமதியும்

ஒரு பொருளின் பெறுமதி அப்பொருளிடத்தே உறைகின்றதா, அன்றி அதனை விரும்புவோன் உள்ளத்தே பிறக்கின்றதா என்னும் வினா பழைமை வாய்ந்தது. பாதரட்சையை அணியவும் செய்யலாம், பண்டமாற்றவும் செய்யலாம் என்று கூறி, பொருளின் இருவகைப் பயனை அரிஸ்டோட்டில் தம் ‘அரசியல்’ நூலிற் சுட்டினார். இன்றைய பங்குச் சந்தை மூன்றாவதொன்றையும் சேர்த்துள்ளது. பெரியதொரு நிறுவனம் என்றேனும் வந்து சுவீகரிக்கும் என்னும் எதிர்பார்ப்பே அது. சிறிய மின்சக்தி, எரிபொருட் கம்பனிகளின் பங்குகள் பலவேளைகளில் இவ்வெதிர்பார்ப்பைக் கொண்டே மதிக்கப்படுகின்றன. இம்மதிப்பீடு உண்மையானதா, அறத்தோடு பொருந்துவதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென அமைக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் சீனன்குடாவில் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளத்தக்கது. 1957 இல் அக்கடற்படை அகன்றது. பெரும்பாலான தாங்கிகள் பல்லாண்டுகள் காட்டினுள் வாளாநின்றன. எனினும் 1987 ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2022 ஜனவரியிற் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. கம்பனிக்கும், எஞ்சிய 61 இவ்விரண்டும் முறையே 51, 49 சதவீதம் பங்குகொள்ளும் கூட்டுக் கம்பனிக்கும் உரியனவாயின. இரும்பு அதே இரும்புதான். மாறியது பிறர் தேவை. பிறர் விருப்பும் பெறுமதியின் ஒரு கூறே என்பதை இதனால் அறிகின்றோம்.

எமது அயலில் இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர் வாழ்கின்றார். மகளுக்கு வீடு கட்டவென வைத்திருந்த பணிக்கொடையில் ஒரு பகுதியைச் சிறிய நீர்மின் கம்பனி ஒன்றின் பங்குகளில் இட்டார். “பெரிய கம்பனி ஒன்று இதை வாங்கும் தம்பி; அப்போது இரட்டிப்பாகும்” என்றார். “வாங்காவிட்டால், மாமா?” என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

அவர் செய்திருக்க வேண்டிய கணக்குகள் இரண்டு. 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட நீர்மின் நிலையங்கள், குறித்த ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தின்கீழ் மின்சாரத்தை விற்பவை. ஆகவே மழையளவு, ஒப்பந்தத்தில் எஞ்சிய ஆண்டுகள், கடன், வரவேண்டிய நிலுவை என்பனவற்றைக் கொண்டு அக்கம்பனி தன்னளவில் ஈட்டக்கூடியதை முதலிற் கணிக்கலாம். இரண்டாவது, வாங்க வருபவனின் கணக்கு. இத்தகைய நிலையமொன்றைப் புதிதாகக் கட்டுவதிலும் இதனை வாங்குவது மலிவானதா என அவன் நோக்குவான். அவ்வாறாயினும், பெரும்பான்மைப் பங்குகளை ஒருவரே வைத்திருப்பின் அவர் இசைவின்றிச் சுவீகரிப்பு நிகழாது. அயலவர் இவ்விரு கணக்குகளையும் செய்திலர். வதந்தியைக் கணக்கெனக் கொண்டார்.

சுவீகரிப்பை முற்றாகப் பழித்தலும் நேர்மையன்று. 1983 இல் கல்ஃப் ஒயில் என்னும் அமெரிக்கக் கம்பனியின் பங்கு ஏறத்தாழ 40 டொலருக்கு விலைபோயிற்று. அதன் எண்ணெய் வளத்தின் பெறுமதி அவ்விலையிலும் மிகுதி எனக் கண்ட பூன் பிக்கன்ஸ், தம் சிறிய மீசா கம்பனியைக் கொண்டு அதனைக் கைக்கொள்ள முயன்றார். ஈற்றில் 1984 இல் செவ்ரன் பங்கொன்றுக்கு 80 டொலர் கொடுத்து அதனை வாங்கியது. முகாமையாளர் வீணாக்கிய பெறுமதியை வெளியார் ஒருவர் வெளிக்கொணர்ந்தார் எனலாம். பங்குதாரருக்கு அது நீதியே. ஆயின் கல்ஃபின் தலைமையகம் இருந்த பிற்ஸ்பேர்க் நகரிற் பலர் தொழிலிழந்தனர். பங்கின் விலையில் அவர்தம் இழப்புக்கு இடமில்லை.

எமது நாட்டில் 1995 ஆம் ஆண்டின் சுவீகரிப்புக் கோவை, வாக்குரிமைப் பங்குகளில் 30 சதவீதத்தை எட்டுபவர் ஏனையோரின் பங்குகளையும் வாங்க முன்வரவேண்டும் என விதிக்கின்றது. சிறு பங்குதாரர் புறக்கணிக்கப்படாமற் காக்கும் நல்விதி இது. ஆயினும் சட்டம் ஒருவனை ஏமாற்றத்தினின்று காக்குமேயன்றி ஆசையினின்று காவாது.

இங்கேயே அறவினா எழுகின்றது. விழுங்கப்படும் என்பதற்காகவே ஒன்றை வாங்குபவன், அது நன்கு நடைபெறுவதில் நாட்டங் கொள்வதில்லை. அணையிற் கசிவு உண்டா, தொழிலாளிக்கு ஊதியம் கிடைக்கின்றதா என்று அவன் கேளான். உரிமையாளன் என்னும் பெயர் பெற்றும் உரிமையின் கடமையை அவன் ஏற்பதில்லை. அதுமட்டுமன்று, தன் மதிப்பீட்டையே வலியவன் ஒருவனின் விருப்பத்துக்கு அடகு வைக்கின்றான்.

ஆதலின் யாம் கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. வாங்க எவரும் வாராவிடினும் வைத்திருக்க மனமொப்பும் விலையே ஒரு பங்குக்குக் கொடுக்கத்தக்க விலை. அதற்கு மேல் வருவது வந்தால் வரவு. அதனை முதலெனக் கருதலாகாது. அயலவர் அண்மையில் தம் பங்குகளிற் பாதியை விற்று, எஞ்சிய பாதிக்குரிய ஆண்டறிக்கையை என்னிடம் வாசிக்கத் தந்தார். யார் வாங்குவார் என்று இம்முறை அவர் கேட்கவில்லை. அவ்வாண்டு மழை எவ்வளவு என்றே கேட்டார்.