பிடித்துவிடுதல்

கால் பிடித்துவிடுவது, தலையை அமுக்கிவிடுவது, முதுகு தேய்த்துவிடுவது, வயிற்றை நீவிவிடுவது, சுளுக்கை உருவிவிடுவது. தொடுகைக்கு நம் மொழியில் சொற்பஞ்சமே இல்லை. ஆனால் இந்த வினைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், எல்லாவற்றின் வாலிலும் 'விடு' என்கிற துணைவினை ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். பிறருக்குச் செய்தால் தேய்த்துவிடு. தனக்கே செய்துகொண்டால் தேய்த்துக்கொள். வழக்கு இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. இன்னொருவர் கையின்கீழ் சும்மா படுத்திருந்து அந்தத் தொடுகையைப் பெறுகிறவளுக்கென்று தனியாக ஒரு வினை இல்லை. வேண்டுமென்றால் அவள் ஏவலாகத்தான் கேட்க வேண்டும்: காலைப் பிடித்துவிடு. வீட்டில் அந்த ஏவலை உச்சரிக்கும் அதிகாரம் மாமனாருக்கு உண்டு, மாமியாருக்கு உண்டு, கணவனுக்கு உண்டு. ஒரு மருமகள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். "காலெல்லாம் கடுக்குது" என்று மட்டும் அவள் சொல்வாள். வலியை அறிவித்துவிட்டுக் காத்திருப்பாள்.

எனக்கு அந்தக் காத்திருப்பில்தான் கேள்வி இருக்கிறது. வலி இல்லாதபோதும், நோயோ பேறோ இல்லாதபோதும், இதமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் தன் உடல் முழுவதையும் இன்னொரு கையிடம் ஒரு மணி நேரம் ஒப்படைத்துவிட்டுப் படுத்திருக்கலாமா? படுத்திருந்தால் அதற்காக அவள் யாருக்கு என்ன கடன்படுகிறாள்?

பெண்ணுடலில் எண்ணெய் படும் வேளைகளை எண்ணிப் பாருங்கள். பிறந்த குழந்தையை நீட்டிய கால்களின் மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள்; மூக்கையும் தலையையும் நீவி வடிவு பார்க்கிறார்கள். பூப்பெய்தினால் எண்ணெய். கல்யாணத்துக்கு முன் நலங்கு. பிள்ளை பெற்ற உடம்புக்கு எண்ணெயும் வேதுநீரும். கடைசியாகப் பாடையில் ஏற்றுமுன் குளிப்பாட்டும்போது தலையில் எண்ணெயும் சீயக்காயும். இடைப்பட்ட வாரங்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்ணுக்கு, புதனும் சனியும் ஆணுக்கு என்று நாள் பிரித்துவைத்த வழக்கம் இருந்தது. இவற்றில் எதையும் நான் இழிவாக நினைக்கவில்லை. பரிவு இருந்தது, பாட்டிகளின் கைகளில் தேர்ச்சியும் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த உடல் வேறெதற்கோ தயாராகிறது: வளர, மணமுடிக்க, பாலூட்ட, எரிய. சும்மா இருப்பதற்காக ஒரு தடவையாவது அதில் எண்ணெய் பட்டதா?

பட்டது, ஒரு சாக்கு வைத்துக்கொண்டு. பேன் பார்ப்பதைச் சொல்கிறேன். மதிய வேளையில் திண்ணையிலோ பின்வாசலிலோ ஒருத்தியின் மடியில் இன்னொருத்தி தலையைக் கொடுத்திருப்பாள். ஈருருவியும் சீப்பும் பக்கத்தில் கிடக்கும். பேன் தீர்ந்த பிறகும் விரல்கள் நிற்காது. கீழே இருப்பவளின் கண்கள் செருகிப் பேச்சு குழறும். அது சுகம் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லமாட்டார்கள். பேன் ஒழிந்த வீடுகளில் ஷாம்பு வந்தது, அந்த மடி போய்விட்டது.

'மசாஜ்' என்ற சொல்லை வகுப்பில் உச்சரித்துப் பாருங்கள். ஒரு நமட்டுச் சிரிப்பு வரிசை வரிசையாக ஓடும். அந்தச் சொல் ஒரு பக்கம் பிசியோதெரபி அறைக்குள் போகிறது, மறுபக்கம் 'மசாஜ் சென்டரில் அதிரடிச் சோதனை' என்ற செய்திக்குள் போகிறது. நடுவில் அதற்கு வீடு கிடையாது. புலனின்பம் என்று தமிழில் அழகான சொல் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் புலனை மறந்துவிட்டு ஒரே ஓர் இன்பத்தை மட்டும் நினைக்கப் பழகியிருக்கிறோம். தொல்காப்பிய மரபியல் நடத்தும்போது இது எனக்கு நெருடும். அங்கே உயிர்களை அறிவால் வரிசைப்படுத்துகிறபோது, முதற்படியில் நிற்பது உற்றறிவு. புல்லுக்கும் மரத்துக்கும்கூட உண்டு என்று சொல்லப்பட்ட அறிவு அது. நாக்கும் மூக்கும் கண்ணும் காதும் மனமும் அதன்மேல்தான் அடுக்கப்படுகின்றன. நமக்குப் பிறகு சேர்ந்த ஐந்து அறிவுகளுக்கும் பயிற்சி தருகிறார்கள். முதல் அறிவுக்கு மட்டும் பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பாடம் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. பேருந்தில் ஏறி இறங்குகிற எந்தப் பெண்ணும் தொடுகையை முதலில் ஆபத்தாகத்தான் கற்கிறாள்.

நம்மைத் தொட்டவர்கள் யார் என்பதையும் பேசியாக வேண்டும். ஊர்ப்பக்கங்களில் பேறு பார்த்து, வயிறு நீவி, பிள்ளையையும் தாயையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மருத்துவச்சிகள் பலர் நாவிதர் சமூகத்துப் பெண்கள். மற்றவர்கள் தொடக் கூசிய ரத்தத்தையும் தீட்டையும் அவர்கள் கை தொட்டது; அதே கையால் தண்ணீர்க் குடத்தைத் தொட முடியவில்லை. கூலியாகப் படி நெல்லும் பழைய புடவையும். நம் பாட்டிகளின் உடலில் ஏறிய இதம் அந்த ஏற்பாட்டின் வழியாக வந்தது. இதை மறந்துவிட்டு 'நம் பாரம்பரிய எண்ணெய்க் குளியல்' என்று நெகிழ எனக்கு மனம் வருவதில்லை.

இன்று அந்த இடத்தில் நகரத்து ஸ்பாக்கள். அங்கே வேலை செய்யும் பெண்களில் பலர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மொழி தெரியாத ஊரில், வாடிக்கையாளரின் அத்துமீறலுக்கும் காவல்துறையின் சோதனைக்கும் நடுவில் நின்று நாளுக்குப் பல உடல்களைத் தொடுகிறார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஓர் உத்தரவு ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொன்னது. சில வாரங்களில், 2022 ஜனவரியில், அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேறொரு வழக்கில், உள்ளே கேமரா வைப்பது ஒருவரின் உடல்சார்ந்த தன்னாட்சியை மீறுவதாகும் என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு அதற்கு அடிப்படை. இரண்டாவது நிலைப்பாட்டோடுதான் நான் நிற்கிறேன். இளைப்பாறும் உடலைக் குற்றம் நடக்கவிருக்கும் இடமாகப் பார்க்கிற கண்ணுக்கு, மேசையில் படுத்திருப்பவளும் ஒன்றுதான், நின்று தேய்ப்பவளும் ஒன்றுதான். ஆனால் அந்த இருவரும் சமமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கும் சுகத்தில் கூலி, வேலைநேரம், 'இந்த ஆளுக்கு மாட்டேன்' என்று மறுக்கும் உரிமை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. அதைக் கேட்காமல் கண்ணை மூடிக்கொள்வது எளிது.

இனிச் செய்முறை. கட்டுரைத் தொகுப்பில் செய்முறையா என்று முகம் சுளிக்க வேண்டாம். 1970இல் பாஸ்டன் நகரத்துப் பெண்கள் கூட்டாக எழுதிய சிறு வெளியீடுதான் பின்னர் 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' என்ற புத்தகமாக வளர்ந்தது. உடலைப் பற்றித் தெரிந்ததைப் பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுப்பது பெண்ணியத்தின் பழைய வேலை.

அதே 1970இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தம்பதியருக்கு ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். ஒருவர் படுத்திருக்க மற்றவர் உடலெங்கும் தொட வேண்டும். ஆனால் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு, உறவு அறவே கூடாது. அந்தத் தடையில்தான் சூட்சுமம் இருக்கிறது. முடிவு இன்னதென்று தெரிந்த தொடுகையில் பெண்ணுடல் காத்திருக்கிறது, கணக்குப் போடுகிறது, சில வேளை நடிக்கிறது. முடிவை எடுத்துவிட்டால் முழங்கை மடிப்பும் தோளெலும்பும் குதிகாலும் முதன்முதலாகப் பேச ஆரம்பிக்கின்றன. அவர்களுடைய கடைசி இலக்கு என்னவோ உறவைச் சரிசெய்வதுதான். தடையைப் பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்கள். நான் தடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் சில முறைகளுக்காவது, இது வேறெதற்கும் முன்னுரை இல்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது.

அறை கதகதப்பாக இருக்கட்டும்; மின்விசிறிக்கு நேர்கீழே எண்ணெயோடு படுத்தால் உடல் சிலிர்த்து இறுகும். தரையில் பாயும் அதன்மேல் பழைய வேட்டியும் போதும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒரு கிண்ணத்தில், வெந்நீரில் வைத்துச் சூடேற்றியது. முன்னாளே முன்கையில் ஒரு சொட்டுத் தடவி அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எள் சிலருக்கு ஒவ்வாது. வாசனைத் தைலங்களை நீர்க்காமல் தோலில் ஊற்றக் கூடாது. இன்னொன்று, யாரும் சொல்லித்தருவதில்லை: எந்த எண்ணெயும் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும். காய்ச்சல் இருந்தால், தோலில் புண் இருந்தால் இன்று வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும், ரத்தக்கட்டாக இருக்கலாம். கர்ப்பிணியென்றால் மருத்துவரைக் கேட்டபிறகு.

எண்ணெயை உங்கள் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கிய பிறகு முதுகில் வையுங்கள். வைத்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் செய்யாதீர்கள். கீழே இருப்பவளின் மூச்சு உங்கள் கையைத் தூக்கி இறக்கும்வரை அப்படியே இருங்கள். பிறகு இடுப்பிலிருந்து தோள்வரை, முதுகெலும்பின் இரு பக்கச் சதையில் மட்டும், எலும்பின்மேல் அழுத்தாமல். கட்டைவிரலால் குத்த வேண்டியதில்லை. உடலின் எடையைச் சாய்த்தால் கை தானாக அழுந்தும். ஒரு கை எடுக்கும்போது இன்னொரு கை தோலில் இருக்கட்டும். கைகால்களில் விரல்நுனியிலிருந்து இதயத்தின் பக்கமாகச் செல்லும்போது அழுத்தம். திரும்பி வரும்போது வெறும் வருடல்.

முக்கியமானது வேகம். ரோமமுள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே ஒருவகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில், உடற்சூட்டில் ஒரு கை நகரும்போது அவை நன்றாக விழிக்கின்றன. 'எங்கே தொட்டது' என்ற செய்தியைவிட 'இதமாக இருக்கிறது' என்ற உணர்வையே அவை மூளைக்குக் கொண்டுபோகின்றன. உள்ளங்கையில் இவை மிகக் குறைவு. பாத்திரம் தேய்க்கிற, மாவு பிசைகிற, பிள்ளையைத் தூக்குகிற கையைவிட, யாரும் கவனிக்காத முதுகுக்கும் முன்கைக்கும்தான் இந்த அறிவு அதிகம் வாய்த்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஏனோ கோபம் வந்தது. பெறுவதற்கு இவ்வளவு ஏற்பாட்டோடு வந்த உடலை முழுநேரமும் கொடுக்கும் வேலையில் அமர்த்திவிட்டோமே என்று.

வயிற்றைக் கடைசிக்கு வையுங்கள். நிறையப் பெண்கள் அங்கே கை வந்ததும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பிரசவக் கோடுகள், சிசேரியன் தழும்பு, அளவு பற்றிய கூச்சம். தொடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் மாறாமல் பாதத்துக்குப் போங்கள். 'பிடி' என்ற வினைக்கு நம் மொழியில் பற்றுவதும் விரும்புவதும் ஒருசேரப் பொருள், "பிடிச்சிருக்கா?" என்ற கேள்வி இந்த வேலைக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கிறது. அடிக்கடி கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டிராத உடல் முதல் சில தடவை "பரவால்ல" என்றுதான் பதில் சொல்லும். அது ஆம் என்பதாகாது. சிலர் காரணம் தெரியாமல் அழுவார்கள். தொடுகையால் காயப்பட்டவர்களுக்கு முழு உடலும் அன்றைக்கு அதிகமாக இருக்கலாம். ஆடையோடு, கை மட்டும், பாதம் மட்டும் போதும். இதெல்லாம் தனக்கு வேண்டவே வேண்டாம் என்கிற பெண்ணின் உடலும் ஒரு குறையும் இல்லாத உடல்தான்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் மொய் நோட்டில்தான் எழுதப்படுகிறது. வந்தது எவ்வளவு, திருப்ப வேண்டியது எவ்வளவு. அரை மணி நேரம் முதுகு தேய்த்துவிட்ட கணவனுக்கு இரவில் 'சரி' என்று சொல்லியே ஆக வேண்டும் என்று எத்தனை பெண்கள் நினைக்கிறார்கள்! தோழி தேய்த்துவிட்டால்கூட எழுந்த கையோடு "இப்போ நீ படு" என்கிறோம். அது பெருந்தன்மை மாதிரித் தோன்றினாலும், பெற்றுக்கொண்டு சும்மா கிடக்க முடியாத பதற்றம்தான் என்பது என் கணிப்பு. ஆகவே ஒரு விதி: அன்றைக்கே முறை மாறக் கூடாது. இன்று நீங்கள் பெறுகிறவர் என்றால் இன்று முழுக்கப் பெறுகிறவர்தான். கொடுக்கிறவரும் அப்படியே, தன் முறை என்றைக்கு என்று கேட்கக் கூடாது.

இதெல்லாம் வசதிப்பட்டவர்களின் பேச்சு என்று ஒரு மாணவி சொன்னாள். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு வரும் தன் அம்மாவின் முதுகை நினைத்துச் சொன்னாள். கதவு வைத்த அறையும், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரமும் எல்லாப் பெண்களுக்கும் இல்லை என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அந்த முதுகைவிட இதற்கு உரிமையுள்ள முதுகு எது? அவளிடம் நான் கேட்டது அம்மா எப்போதாவது குப்புறப் படுப்பாரா என்பதைத்தான். யோசித்துவிட்டு, அம்மா படுத்தே பார்த்ததில்லை, சாய்ந்திருப்பார் என்றாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் அம்மாவின் பாதங்களில் மட்டும் எண்ணெய் வைத்தாளாம். "எனக்கென்ன சீக்கா?" என்று காலை இழுத்துக்கொண்டாராம். மறுநாள் இழுக்கவில்லை.

முடித்ததும் உடனே எழுந்திருக்கச் செய்யாதீர்கள். ஒரு துணியைப் போர்த்திக் கால்மணி நேரம் விட்டுவிடுங்கள்; குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பாதத்து எண்ணெயைத் துடைத்த பிறகுதான் நடக்கவிட வேண்டும், குளியலறைத் தரை வழுக்கும். எண்ணெய்ப்பட்ட வேட்டியைச் சூடான தண்ணீரில் சோப்புத்தூளோடு ஊறவைத்தால் பிசுக்கு போகும். அதைத் துவைக்கப்போவது யார் என்பதை மட்டும் படுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.